ஹைதராபாத் சிட்டி போலீஸ் கால்பந்து அணி: 1950ஆம் ஆண்டுப் பருவம்

ஹைதராபாத் நகரக் காவல்துறையின் கால்பந்து அணி, சையத் அப்துல் ரஹீம் புதிய பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற 1950ஆம் ஆண்டில் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையையும் டெல்லியின் டூரண்ட் கோப்பையையும் வென்றது. அதுவரை இந்தியக் கால்பந்து என்றாலே கல்கத்தா என்றிருந்த நிலை அந்தப் பருவத்தில்தான் அசைந்தது. ரஹீம் பின்னர் பயிற்றுவித்த இந்திய அணி 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றதையும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்ததையும் எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்தப் போட்டிகளிலேயே கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். அதை 1950இன் போலீஸ் மைதானத்திலிருந்து தொடங்குவதே முறை.

இந்த அணி 1939இல் நிஜாம் ஆட்சிக் காலத்தில் உருவானது. தொடக்க ஆண்டுகளில் அதை வளர்த்தவர் நார்பர்ட் ஆண்ட்ரூ ஃப்ரூவால் என்ற ஆங்கிலோ இந்தியர். 1943இல் பெங்களூரில் நடந்த ஆஷ் தங்கக் கோப்பையில் பிரிட்டிஷ் விமானப் படை அணியை வீழ்த்தியபோது அதன் பெயர் முதன்முதலாக ஊர் எல்லையைத் தாண்டிப் பேசப்பட்டது. காவல்துறையில் சேர்ந்தால் மாதச் சம்பளம் உண்டு, ஆடவும் முடியும். ஏழை வீட்டுப் பையன்கள் பந்தை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள அன்றைக்கு இருந்த வழிகளில் அது நம்பகமானது.

அந்த அணி வேலைபார்த்த நகரமும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவ நடவடிக்கைக்குப் பின் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. நிஜாமின் காவலர்களாக இருந்தவர்கள் குடியரசின் காவலர்களானார்கள். இரண்டே ஆண்டில் அவர்கள் நாட்டின் தலைநகருக்குப் போய் நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பையை எடுத்துவந்தார்கள் என்பதை நினைத்தால், அந்த வெற்றியின் கனம் கோல் கணக்கோடு முடிவதில்லை என்று புரியும்.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் கால்பந்து அணியிலும் ஆடினார். பிழைப்புக்குத் தேர்ந்துகொண்டது பள்ளி ஆசிரியர் வேலை. நகரத்தின் பல பள்ளிகளில் பாடம் நடத்தினார், உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார். 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். ஆக, 1950இல் போலீஸ் அணி அவர் கைக்கு வந்தபோது, ஊரின் மைதானங்களும் அங்கே ஆடிய பையன்களும் அவருக்கு ஏற்கெனவே பழக்கம். இங்கிலாந்திலிருந்து வந்த கால்பந்து நூல்களைத் தேடிப் படித்து, படித்ததை மறுநாள் காலை மைதானத்தில் செய்து பார்க்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது.

இந்தியக் கால்பந்தில் அன்றைக்குக் கைதட்டல் வாங்கியவர் தனி ஆளாகப் பந்தை உருட்டிக்கொண்டு போகும் ஆட்டக்காரர். மூன்று பேரை ஏமாற்றிவிட்டு நாலாமவரிடம் பந்தைப் பறிகொடுத்தாலும் கூட்டம் அவரையே கொண்டாடும். ரஹீமின் வேலை இங்கேதான் தொடங்கியது. அவர் டிரிப்ளிங் செய்யக் கூடாது என்ற விதியோடு போட்டிகளே நடத்தினார். பந்து வந்த மாத்திரத்தில் அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். இந்த விதியின் நுட்பம் வெளியே தெரிவதில்லை. பந்தை வைத்துக்கொள்ள முடியாதென்றால், அது காலுக்கு வருவதற்கு முன்பே யாருக்குக் கொடுப்பது என்று தலையை நிமிர்த்திப் பார்த்திருக்க வேண்டும். பந்து காலில் இல்லாத மற்றவர்களும் நின்ற இடத்தில் நிற்க முடியாது, பாஸ் வாங்கும் இடத்துக்கு ஓடியாக வேண்டும். ஒரே விதி பதினொரு பேரையும் இயங்க வைத்துவிடுகிறது.

பழகாத காலால் மட்டுமே ஆடும் போட்டிகளும் நடத்தினார். வலது கால் மட்டுமே பழகிய ஆட்டக்காரர் இடப்புறம் பந்து கிடைத்தால் அதைத் திருப்பிக்கொள்ளவே ஒரு நொடியைச் செலவிடுவார், அதற்குள் எதிரணியின் தடுப்பாளர் வந்துவிடுவார். இரு காலும் பழகினால் அந்த நொடி மிச்சமாகிறது. உடல்பலத்தில் ஐரோப்பியரோடு மோதி வெல்வது கடினம் என்பது ரஹீமுக்குத் தெரியும். வேகமாக யோசித்து, தரையோடு குறுகிய பாஸ்களைக் கொடுத்து ஆடினால் அவர்களோடும் ஈடுகொடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. ஆசிரியர் பாடத்தைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதுபோல அவர் ஆட்டத்தைச் சின்னச் சின்னத் திறன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகப் பழக்கினார். அன்றைய இந்தியாவில் இப்படி முறைவைத்துப் பயிற்சி கொடுத்தவர்கள் அபூர்வம்.

1950 பருவத்தில் அணியின் தூண்களாக இருந்தவர்களில் நூர் முகமது, அஜீஸுத்தீன், மொய்னுத்தீன் ஆகியோர் பின்னர் ஒலிம்பிக் வரை சென்றவர்கள். பம்பாயில் 1891 முதல் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலாகக் கைப்பற்றிய இந்திய அணி 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ். தெற்கிலிருந்து வந்த அணிகளுக்கு ராசியான அந்தக் கோப்பையை 1950இல் ஹைதராபாத் போலீஸ் வென்றது. வென்றதோடு நிற்கவில்லை. 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

டூரண்ட் கோப்பை 1888இல் சிம்லாவில் பிரிட்டிஷ் படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 1940இல் டெல்லிக்கு மாறிய பின் போராலும் பிரிவினைக் காலக் குழப்பத்தாலும் நின்றுபோய், சுதந்திர இந்தியாவில் முதல் முறையாக 1950இல் மீண்டும் நடந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது மோகன் பகான். 1911இல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படை அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கிய, தேசிய இயக்கத்தின் பெருமையோடு சேர்த்துப் பேசப்படும் அணி அது. மோகன் பகான் இரண்டு கோல் முன்னிலை பெற்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் போலீஸ் அணி இரண்டையும் திருப்பி அடித்து 2-2 எனச் சமன் செய்தது. மறு ஆட்டத்தில் 1-0 என வென்று கோப்பையைத் தனதாக்கியது. தோற்கப்போகிற நிலையிலும் குருட்டாம்போக்கில் பந்தை உதைக்காமல் பழகிய ஆட்டத்தையே ஆடியதுதான் என் பார்வையில் ரஹீமின் முதல் சாதனை.

எல்லாமே வெற்றியாக அமையவில்லை. அதே பருவத்தில் மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பை இறுதியில் ஹைதராபாத் மாநில அணி வங்காளத்திடம் 0-1 எனத் தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு அதே வங்காளத்திடம் 0-5 எனத் தோற்றிருந்ததைப் பார்க்கும்போது இடைவெளி எவ்வளவு சுருங்கியது என்பது தெரியும்.

1950இல்தான் இந்தியா பிரேசில் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றும் போகாமல் இருந்தது. மறு ஆண்டு டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ரஹீமின் பயிற்சியில் இந்தியா ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அடி விழுந்தது. குளிரில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. அதற்குப் பிறகே பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து மெல்போர்னில் நெவில் டிசோசா மூன்று கோல் அடிக்க, இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குப் போனது.

இந்தக் கதையில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. செகந்திராபாத் ராணுவக் குடியிருப்பைச் சுற்றித் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அம்முகூடாவைச் சேர்ந்த துளசிதாஸ் பலராம் அவர்களில் தலையாயவர். பயிற்சிக்கு வந்துபோக வசதியில்லாத அந்தப் பையனுக்கு ரஹீம் வாடகை சைக்கிளுக்குக் கைக்காசு கொடுத்து வரவழைத்தார். பலராம் 1956, 1960 ஒலிம்பிக்குகளிலும், தங்கம் வென்ற 1962 ஜகார்த்தா அணியிலும் ஆடினார். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்தவரே. ஆனால் அவர் 1953இல் சேர்ந்தது நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது.

போலீஸ் அணி 1954, 1957 ஆகிய ஆண்டுகளிலும் டூரண்ட் கோப்பையை வென்றது. ஆந்திரப் பிரதேசம் உருவான பின் ஆந்திரப் பிரதேச போலீஸ் என்ற பெயரில் 1961இல் மீண்டும் வென்றது. ரஹீம் கடைசிவரை அதன் பயிற்சியாளர். புற்றுநோயோடு ஜகார்த்தா சென்று, தென் கொரியாவை 2-1 என வென்ற இறுதி ஆட்டத்துக்கு இந்திய அணியைத் தயார் செய்தவர், 1963 ஜூன் 11 அன்று காலமானார். அவர் மகன் சையத் ஷாகித் ஹக்கீம் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர். ரஹீமின் வாழ்க்கையைச் சொல்லும் 'மைதான்' என்ற இந்திப் படம் 2024இல் வெளியானது.

ரஹீமுக்குப் பின் அந்த இடத்தில் அதே முறையோடு தொடர ஆள் அமையவில்லை. 1965-66இல் ஆந்திரப் பிரதேசம் வங்காளத்தைத் தோற்கடித்துச் சந்தோஷ் கோப்பையை வாங்கியது. அதன்பிறகு அந்தக் கோப்பை ஹைதராபாத் பக்கம் திரும்பவில்லை.