மியன்மார் மரம்: இந்தியா, சீனாவின் இறக்குமதிக் கணக்கை வாசிப்பது எப்படி?

மியன்மாரின் தேக்கு உள்ளிட்ட வன்மரங்களைப் பல ஆண்டுகளாக அதிகளவில் வாங்கிவந்த நாடுகள் இந்தியாவும் சீனாவும். இரு நாடுகளின் இறக்குமதிப் பெறுமதியை ஆண்டுவாரியாக ஒப்பிடுவோர், பெறுமதி குறைந்த ஆண்டுகளில் காடழிப்பும் குறைந்ததாக எண்ணிவிடுவதுண்டு. ஆனால், மரம் ஆயுதம் ஏந்திய தரப்புகளுக்கு வருமானமாக இருக்கும் ஒரு நாட்டில் அப்படி முடிவெடுக்க முடியாது.

குற்றியா, பலகையா?

உலக நாடுகளின் சுங்கக் குறியீட்டில் 4403 என்பது மரக்குற்றி. 4407 என்பது 6 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்புள்ள அரிந்த மரம். 2014 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் மியன்மார் மரக்குற்றி ஏற்றுமதியைத் தடைசெய்தது. அரிந்த மரத்துக்குத் தடை இல்லை. எனவே 4403ஐ மட்டும் பார்த்தால் வர்த்தகம் நின்றுவிட்டதாகத் தோன்றும். 4407ஐ மட்டும் பார்த்தால் புதிதாகப் பெருகியதாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடல்வழி, தரைவழி

இந்தியாவுக்கான மரம் பெரும்பாலும் யங்கோன் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனது. அதனால் இரு நாட்டு ஏடுகளிலும் பதிவாகும். சீனாவுக்கு நிலைமை வேறு. 1998 வெள்ளப்பெருக்குக்குப் பின் சீனா தனது இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதைக் கட்டுப்படுத்தியது. அயல்நாட்டு மரத்துக்கான தேவை கூடியது. கச்சின் மாநிலத்திலிருந்து எல்லை தாண்டி யுனானுக்கு லொறிகளில் மரம் சென்றது. மியன்மார் சட்டப்படி தரைவழி மர ஏற்றுமதி குற்றம். ஆகவே அது சீனச் சுங்கத்தில் பதிவானது. மியன்மார் கணக்கில் வரவில்லை.

சூழல் புலனாய்வு முகவரகம் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000 முதல் 2013 வரை உலக நாடுகள் மியன்மாரிலிருந்து இறக்குமதி செய்ததாகப் பதிந்த குற்றிகளின் அளவில் 28 வீதம் மட்டுமே மியன்மாரின் ஏற்றுமதிக் கணக்கில் இருந்தது. 2015 ஜனவரியில் கச்சினில் மரம் தறித்த 155 சீனர்கள் கைதானார்கள். பெரும்பாலானோருக்கு ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களிலேயே பொதுமன்னிப்பில் விடுதலையானார்கள்.

டொலரும் கனமீற்றரும்

பெறுமதி உயர்ந்தால் மரம் கூடுதலாக வந்தது என்று பொருளல்ல. சீனாவில் ஆடம்பரத் தளபாடங்களுக்கான ரோஸ்வூட் வகைகள் சாதாரண மரத்தைவிடப் பன்மடங்கு விலைபோகும். குறைந்த மரமே வந்தாலும் டொலர் கணக்கு எகிறும். எனவே பெறுமதிக்கு அருகில் கனமீற்றரையும் வைத்துப் பார்க்க வேண்டும். இறக்குமதிப் பெறுமதியில் பொதுவாகக் கப்பற்கூலியும் காப்புறுதியும் சேரும். ஏற்றுமதிப் பெறுமதியில் சேராது. இதனாலும் இரு கணக்குகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை.

சதிப்புரட்சிக்குப் பின்

2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மர விற்பனையில் ஏகபோகம் கொண்ட அரச நிறுவனமான மியன்மா மரக் கூட்டுத்தாபனத்தின் மீது அந்த ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. இந்தியாவும் சீனாவும் அதில் இணையவில்லை. அதனால் இவ்விரு நாடுகளின் கணக்கு இப்போது இன்னும் முக்கியமானது.

யுத்த காலத்தில் எந்தப் பொருள் எந்தப் பாதையால் போனது, யாருக்கு வரி கட்டப்பட்டது என்பதெல்லாம் அரச ஏடுகளில் முழுமையாக வருவதில்லை. வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மியன்மார் மரத்தின் கணக்கிலும் ஒரு நாட்டின் ஏடு சொல்லாததை மற்ற நாட்டின் ஏட்டில்தான் தேட வேண்டியிருக்கிறது.