பயிர் வளர்ச்சிக் கணிப்பில் நேர்கோட்டுச் சமன்பாடு

பயிரின் உயரம், இலைப்பரப்பு, கணுக்களின் எண்ணிக்கை, உலர் எடை ஆகியவற்றுள் ஒன்றை நாள், வெப்பம், நீர் போன்ற வேறோர் அளவோடு இணைத்து, பின்னது ஓர் அலகு கூடுந்தோறும் முன்னது மாறாத அளவில் கூடுவதாகக் கொள்ளும் கணக்குமுறை நேர்கோட்டுக் கணிப்பு எனப்படும். இதில் கோட்டின் சாய்வு வளர்ச்சி வேகத்தைக் காட்டும். வயலில் எடுத்த அளவுகள் ஒரே கோட்டில் விழுவதில்லை. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து விலகும் தொலைவின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகக் குறைவாக அமையும்படி கோட்டை வரைவர். மீச்சிறு வர்க்க முறை என்னும் இதனைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805இல் வெளியிட்டார்.

பருத்திச் செடியொன்று விதைத்த 30ஆம் நாளில் 18 செ.மீ., 44ஆம் நாளில் 39 செ.மீ. உயரம் இருப்பதாகக் கொண்டால், சாய்வு நாளொன்றுக்கு 1.5 செ.மீ. ஆகும்; சமன்பாடு, உயரம் = 1.5 × நாள் − 27. இதன்படி 50ஆம் நாளில் செடி 48 செ.மீ. இருக்கும் என்பது நம்பத்தக்க கணிப்பு. ஆனால் அதே சமன்பாடு விதைத்த நாளில் உயரம் −27 செ.மீ. என்றும், 150ஆம் நாளில் 198 செ.மீ. என்றும் கூறும். முன்னது பொருளற்றது; பின்னது மானாவாரிக் கரிசலில் காண முடியாதது. இளம்பயிர் கூட்டுவட்டியைப் போல வளர்கிறது என்று பிரிட்டிஷ் தாவரவியலாளர் வி. எச். பிளாக்மேன் 1919இல் விளக்கினார்; முதிர்ந்த பயிரோ வளர்ச்சியில் தளர்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்துக்கே நேர்கோடு பொருந்தும்.

நாட்களை விட்டுவிட்டு வெப்பத்தை அடியச்சாகக் (கிடை அச்சாகக்) கொள்ளும்போது கோடு பெரிதும் சீராகிறது. பயிர் முதிர்வதற்குத் தேவையானது நாட்களின் எண்ணிக்கையன்று, அந்நாட்களில் சேர்ந்த வெப்பத்தின் தொகையே என்ற கருத்தைப் பிரெஞ்சு அறிவியலாளர் ரேயோமுர் 1735இலேயே முன்வைத்தார். ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, எந்த வெப்பத்துக்குக் கீழே பயிர் வளராதோ அந்த அடிவெப்பத்தைக் கழித்தால் அன்றைய வெப்ப அலகு கிடைக்கும். பருத்திக்கு அடிவெப்பம் 15.5 டிகிரி செல்சியஸ். மக்காச்சோளத்துக்கு 10; அதற்கு 30க்கு மேற்பட்ட வெப்பத்தை 30 என்றே கணக்கிடுவதும் வழக்கம். மேல் வரம்பு இல்லாவிட்டால் கணக்கு சித்திரை வெயிலையெல்லாம் வளர்ச்சியாக எழுதிவிடும்.

விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் நிலங்களில் மானாவாரிப் பருத்தி வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கப்படுகிறது. பருத்தியின் நடுத்தண்டில் ஒரு புதிய கணு தோன்ற ஏறத்தாழ 25 முதல் 36 வெப்ப அலகுகள் தேவைப்படுகின்றன. உச்சம் 33, தாழ்வு 24 என அமையும் நாளில் 13 அலகுகள் சேர்வதால், 30 அலகுக்கு ஒரு கணு என்ற கணக்கில் சற்றேறக்குறைய 2.3 நாளுக்கு ஒரு கணு வரும். உச்சம் 30, தாழ்வு 21 ஆகக் குறையும் மார்கழியில் 3 நாள் ஆகும். நாட்காட்டியை மட்டும் பார்ப்பவருக்குப் பயிர் பின்தங்கியதாகத் தோன்றும் இந்த இடைவெளி, வெப்பக் கணக்கில் அதே கோட்டின் மேல்தான் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் எஸ்.வி.பி.ஆர். 2, எஸ்.வி.பி.ஆர். 4 போன்ற இரகங்களை வெளியிட்டுள்ளது. இரகம் மாறினால் சாய்வும் மாறக்கூடும் என்பதால், ஓர் இரகத்துக்குப் பெற்ற எண்ணை மற்றொன்றுக்கு அப்படியே கையாளலாகாது.

கோடு எங்கே முடிகிறது என்பதைச் செடியே காட்டும். காய்ப்புக்கிளையின் முதல் கணுவில் அன்று பூத்த வெண்பூக்களுள் மிக உயரத்தில் உள்ளதைக் கண்டறிந்து, அதற்கு மேல் நடுத்தண்டில் எத்தனை கணுக்கள் உள்ளன என்று எண்ணுவர். பூக்கத் தொடங்கும்போது இவ்வெண்ணிக்கை பெரிதாக இருந்து, காய்கள் உணவை இழுத்துக்கொள்ளக் கொள்ள ஏறத்தாழ நேர்கோட்டிலேயே இறங்கும். அது 5ஐத் தொட்டால் தண்டின் வளர்ச்சி நடைமுறையில் நின்றுவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. ஈரம் குறைந்த நிலத்தில் தொடக்க எண்ணே சிறியதாக இருப்பதால் இந்நிலை விரைவில் வந்துசேரும். சப்பை (பூமொட்டு) உதிர்வும் அப்போது கூடும்.

மானாவாரியில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. வளர்ச்சிக்கு எல்லை வகுப்பது நீரே. எனவே வெப்பக் கோட்டைவிட நீர்க்கோடு இங்கே பயனுள்ளது. தென் ஆஸ்திரேலியக் கோதுமைக்கு ஆய்வாளர்களான பிரெஞ்ச், ஷுல்ட்ஸ் இருவரும் 1984இல் வகுத்த சமன்பாட்டில், பயிர்க்காலத்தில் செலவான நீரில், மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் 110 மி.மீ. கழிக்கப்பட்டு, எஞ்சிய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஹெக்டேருக்கு 20 கி.கி. மணி என்று உச்ச விளைச்சல் கணிக்கப்பட்டது. இவ்வெண்கள் கரிசலுக்கு உரியனவல்ல. ஆனால் முதலில் கழிவு, பிறகு மாறாத சாய்வு என்ற அமைப்பு, மழை நின்ற பின்னும் ஈரத்தைத் தேக்கிவைக்கும் இம்மண்ணுக்கு ஏற்றதே.

வயல் பயிர்களைப் போலன்றி, சிவகாசிப் பகுதியின் தீப்பெட்டித் தொழிலுக்குக் குச்சி தரும் மட்டி போன்ற மென்மரங்களில் கணக்கின் வடிவம் வேறு. மரத்தின் கன அளவு விட்டத்தோடு நேர்கோட்டில் கூடுவதில்லை. எனவே மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், எடுத்த விட்டத்தை வர்க்கித்து உயரத்தால் பெருக்கி, அப்பெருக்கலை அடியச்சாகக் கொள்வர். அப்போது கன அளவு ஏறத்தாழ நேர்கோட்டில் அமைகிறது. விட்டம் இருமடங்கானால், உயரம் மாறாதிருப்பினும், அடியச்சின் மதிப்பு நான்கு மடங்காகும் என்பதால், விட்டத்தை அளப்பதில் நேரும் சிறு பிழையும் மரத்தின் கணிப்பைப் பெரிதும் மாற்றிவிடும்.