காரீயமும் காட்டெருமையும்

கௌபாய் படங்களை நம்மில் பலர் அந்தக் காலத்தில் பார்த்திருப்போம். கதாநாயகன் குதிரைமேல் இருந்தபடியே சுடுவான், கூரைமேல் இருந்து சுடுவான், சுட்டுக்கொண்டே இருப்பான். தோட்டா மட்டும் தீராது. ஆபீஸில் வருஷக்கணக்காக ஸ்டாக் ரிஜிஸ்தர் எழுதியவனுக்கு இதில் வருகிற சந்தேகம் ஒன்றுதான். இவ்வளவு சரக்கை யார் சப்ளை செய்தார்கள், என்ன விலைக்கு?

அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளியில் 1870களில் காட்டெருமை வேட்டையாடியவர்களைப் பற்றிப் படிக்கும்போது இதற்குப் பதில் கிடைத்தது. பெரும்பாலும் அவர்களே செய்துகொண்டார்கள். ராத்திரி அடுப்பில், சோறு ஆக்குகிற மாதிரி.

அந்தப் புல்வெளியை 'ப்ரேரி' என்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் ப்ரேரி என்றாலே புல்வெளிதான். அந்த நிலத்தின் பெரும்பகுதி 1803-ல் நெப்போலியன் விற்கும்வரை, பேருக்காவது பிரெஞ்சுக்காரருடையது. அங்கே முதலில் போன பிரெஞ்சு வியாபாரிகள் அந்த மிருகத்தை 'பெஃப்', அதாவது மாடு என்றார்கள். இங்கிலீஷ்காரர் 'பஃபலோ' என்றார்கள். அது நம் குளத்தில் கிடக்கிற எருமை இல்லை. பெரிய திமிலும், பிடரியும், கம்பளி மாதிரி மயிரும் உள்ள இன்னொரு ஜாதி. அதைக் கோடிக்கணக்கில் நம்பித்தான் கொமாஞ்சி, கயோவா, செயேன், லக்கோட்டா மக்கள் பிழைத்தார்கள். இறைச்சி, கூடாரம், படுக்கை எல்லாம் அதிலிருந்து.

1871 வாக்கில் இந்தத் தோலைப் பதனிட்டுக் கெட்டியான தோலாக்குகிற வழி தெரிந்துவிட்டது. தொழிற்சாலை மெஷின்களில் ஓடுகிற பெல்ட்டுக்கு அது தோதாக இருந்தது. 1872 செப்டம்பரில் கான்சாஸில் டாட்ஜ் சிட்டி என்ற ஊருக்கு ரயில் வந்தது. அவ்வளவுதான். ஒரு தோலுக்கு ஒன்றிலிருந்து மூன்று டாலர் வரை கிடைக்கும் என்றதும், வேலையில்லாதவன், முன்னாள் சிப்பாய், கடன்காரன் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அந்த மிருகம் முக்கால் டன், ஒரு டன் எடை இருக்கும். சின்னத் துப்பாக்கிக்கு அசையாது. அதற்கென்றே ஷார்ப்ஸ் கம்பெனி 1872-ல் ஒரு பெரிய தோட்டாவைக் கொண்டுவந்தது. குழலின் உள்விட்டம் அரை அங்குலம், ஒரு தோட்டாவுக்குக் கருமருந்து 90 கிரெயின், குண்டு 473 கிரெயின். வேட்டைக்காரர்கள் அந்தத் துப்பாக்கிக்கு வைத்த பேர் 'பிக் ஃபிஃப்டி'. துப்பாக்கியே 12 ராத்தலுக்கு மேல் கனக்கும். முட்டுக்கோல் இல்லாமல் நாளெல்லாம் பிடித்துக் குறிபார்க்க முடியாது.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின். அப்படியானால் ஒரு ராத்தல் காரீயத்தில் 14 குண்டு வார்க்கலாம், கொஞ்சம் மிச்சம் இருக்கும். 25 ராத்தல் மருந்துப் பீப்பாய் ஒன்றில் 1,900 தோட்டாவுக்கு மேல் நிரப்பலாம். ஒரு தோட்டாவில் அதிக விலை போவது பித்தளைக் கூடுதான். மருந்தும் ஈயமும் வெடித்துப் போய்விடும், கூடு கையில் தங்கும். அதைத் தூக்கிப் போடாமல் திரும்பத் திரும்ப நிரப்பினால், கடைத் தோட்டாவுக்குக் கொடுக்கிற காசில் நல்ல பங்கு மிச்சம். தினம் ஐம்பது, நூறு தோட்டா செலவழிக்கிறவனுக்கு லாபமும் நஷ்டமும் அதில்தான் இருந்தது. அதனால் வண்டியில் மாவு, காப்பிக்கொட்டையோடு ஈயக்கட்டி, மருந்துப் பீப்பாய், கேப்பு டப்பாக்கள் எல்லாம் ஏறின.

வார்ப்பு வேலை பார்க்கச் சுலபம் போல இருக்கும். காரீயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகு நெருப்பே போதும். ஆனால் சுத்தமான காரீயம் ரொம்ப மெத்து. வேகமாகப் போகும்போது குழலுக்குள் இருக்கிற சுருள் பள்ளத்தில் ஈயம் ஒட்டிக்கொள்ளும், நாலு வெடிக்குப் பிறகு குறி தவறும். அதனால் கொஞ்சம் வெள்ளீயம் சேர்ப்பார்கள். நம் வீட்டு ஈயச்சொம்பில் ரசம் வைப்போமே, அந்த ஈயம் இந்த வெள்ளீயம்தான். (ஈயம் என்று ஒரே பேரைச் சொல்லி இரண்டையும் குழப்பிக்கொள்வது நம் வழக்கம். காரீயத்தில் ரசம் வைத்தால் வைத்தியரிடம்தான் போகவேண்டும்.) காரீயம் 16 பங்குக்கு வெள்ளீயம் ஒரு பங்கு, 20 பங்குக்கு ஒன்று என்று ஆளுக்கு ஒரு கைப்பக்குவம். வெள்ளீயம் சேர்ந்தால் குண்டு கெட்டிப்படும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பவும் செய்யும்.

அச்சு குறடு மாதிரி இரண்டு பாதியாகத் திறக்கும். இரும்புச் சட்டியில் உருகிய ஈயத்தைக் கரண்டியால் மொண்டு மேல்துவாரத்தில் ஊற்றுவார்கள். அச்சு சூடேறும்வரை வருகிற முதல் சில குண்டுகள் சுருக்கம் விழுந்து, கிழவன் முகம் மாதிரி இருக்கும். அவற்றைத் திரும்பச் சட்டியில் போட்டுவிடுவார்கள். சூடு மீறினால் பூஞ்சணம் பூத்ததுபோல வெளுத்து வரும். இரண்டுக்கும் நடுவில் பளபளவென்று விழுகிற குண்டுதான் குண்டு. உள்ளே காற்று தங்கிய குண்டு எடை குறைந்து, நேராகப் போகாது. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சொட்டு சட்டியில் விழுந்தால் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும்.

வார்த்த குண்டுக்குத் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து தடவுவார்கள், அல்லது மெல்லிய காகிதத்தை ஈரமாக்கி இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். காகிதம் காய்ந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஈயம் குழலைத் தொடாமல் காகிதம் தாங்கிக்கொண்டு போய், வெளியே வந்ததும் தானே பிய்ந்து விழும். இந்த யோசனையை யார் முதலில் செய்தார்களோ, கெட்டிக்காரர்.

பிறகு பழைய கூடு. வெடித்த கேப்பைத் தட்டி எடுத்து, கருமருந்தின் கசடு பித்தளையை அரித்துவிடாமல் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, புதுக் கேப்பு அழுத்தி, மருந்து அளந்து கொட்டி, ஒரு தக்கை வைத்து, மேலே குண்டு. இந்தக் கேப்பு, தீபாவளிக்குப் பிள்ளைகள் அடிக்கிற கேப்புக்கு அண்ணன். அதில் ஒரு வேடிக்கை உண்டு. பெர்டன் என்ற அமெரிக்கர் ஒரு மாதிரியும் பாக்ஸர் என்ற இங்கிலீஷ்காரர் ஒரு மாதிரியும் 1866-ஐ ஒட்டி அடுத்தடுத்துச் செய்தார்கள். பாக்ஸர் மாதிரியில் நடுவில் ஒரே துவாரம், குச்சி விட்டுத் தள்ளினால் பழைய கேப்பு வந்துவிடும். கையால் நிரப்புகிறவனுக்கு அதுதான் வசதி. இன்று அமெரிக்காவில் இங்கிலீஷ்காரர் மாதிரியும், ஐரோப்பாவில் அமெரிக்கர் மாதிரியுமாக மாறிப் போயிருக்கிறது.

விடிந்ததும் வேட்டைக்காரன் இருநூறு, முந்நூறு கஜம் தள்ளிக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் படுத்துக்கொள்வான். முதலில் கூட்டத்தை நடத்திச் செல்கிற பசுவை நுரையீரலில் சுடுவான். அது ஓடாது, ரத்தம் கக்கிக்கொண்டு நிற்கும். மற்றவை ரத்த வாடைக்குச் சுற்றி நின்று முகர்ந்து பார்க்கும். ஓடத் தோன்றாது. அடுத்து எது கிளம்பப் பார்க்கிறதோ அதைச் சுடுவான். நிதானமாக, குழல் ஆறுவதற்கு இடைவெளி விட்டு. பின்னாலேயே தோலுரிப்பவர்கள் வருவார்கள். இறைச்சியைப் பெரும்பாலும் யாரும் தொடவில்லை. 1872 முதல் 1874 வரை மூன்றே வருஷத்தில், தெற்குப் பகுதியில் வெள்ளைக்காரர்கள் கொன்றது 30 லட்சத்துக்கும் மேல் என்று பின்னால் கணக்கு எடுத்தார்கள்.

கொமாஞ்சி மக்களுக்கு இது வேட்டையாகத் தெரியவில்லை. தங்கள் சோற்றுப்பானையை உடைப்பதாகத் தெரிந்தது. 1874 ஜூன் 27-ம் தேதி விடியற்காலை, டெக்ஸாஸில் அடோபி வால்ஸ் என்ற இடத்தில் வேட்டைக்காரர்கள் தங்கியிருந்த கடைகளைச் சில நூறு பேர் சூழ்ந்து தாக்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் குவானா பார்க்கர் என்ற இளம் தலைவர். உள்ளே இருந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. ஆனால் அது வேட்டைக்காரருக்குச் சரக்கு விற்கிற இடம், மருந்துக்கும் ஈயத்துக்கும் பஞ்சமில்லை. தாக்கியவர்கள் பின்வாங்க வேண்டியதாயிற்று. பில்லி டிக்ஸன் என்பவர் முக்கால் மைலுக்கும் அப்பால் குதிரைமேல் இருந்தவரை ஒரே வெடியில் வீழ்த்தினார் என்பதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அவரே அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்றுதான் சொன்னார்.

அதே வருஷம் காட்டெருமையைக் காப்பாற்ற அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போடாமல் வைத்துவிட்டார், அதோடு அது செத்தது. கோப்பை மேஜையில் கிடத்தியே கொல்கிற வித்தை நம் ஊர் ஆபீஸ்களுக்கு மட்டும் சொந்தமில்லை. 1883-க்குள் வடக்குக் கூட்டமும் முடிந்துபோயிற்று.

மேலே சொன்ன கணக்கை எடுத்தவர் வில்லியம் ஹார்னடே. இவரை நம் பக்கத்து ஆள் என்றே சொல்லலாம். மியூசியங்களுக்குத் தோல் சேகரிக்க 1877-ல் ஆனைமலைக்கு வந்து, யானையும் புலியும் நம் காட்டெருமையும் சுட்டுக் கொண்டுபோனவர். 1886-ல் வாஷிங்டன் மியூசியத்துக்குப் பாடம் செய்து வைக்க வேண்டும் என்று அமெரிக்கக் காட்டெருமையைத் தேடி மான்டானாவுக்குப் போனார். கூட்டம் கூட்டமாக இருந்த இடத்தில் தேடித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கிடைத்ததில் இருபதுக்கு மேல் அவர் கோஷ்டியே சுட்டது. 1889-ல் அவர் வெளியிட்ட அறிக்கையில், வட அமெரிக்கா முழுவதிலும் காட்டிலும் கூண்டிலுமாக மிஞ்சியவை 1,091 என்று எழுதினார்.

சுட்ட அதே மனிதர்தான் பிறகு காப்பாற்றவும் இறங்கினார். நியூயார்க் மிருகக்காட்சிசாலையின் தலைவரானதும் காட்டெருமைகளை அங்கே வளர்த்து, 1907-ல் அவற்றில் 15-ஐ ஓக்லஹோமாவில் விச்சிடா மலைச் சரணாலயத்துக்கு ரயிலில் அனுப்பினார். தோல் மூட்டைகளைக் கிழக்கே ஏற்றிப் போன ரயில், இந்தத் தடவை உயிரோடு மேற்கே கொண்டுவந்தது. அவை வந்து இறங்கியபோது பார்க்க வந்து நின்ற கொமாஞ்சி மக்களில், அறுபது வயதை நெருங்கிய குவானா பார்க்கரும் இருந்தார். வந்திருந்த பிள்ளைகளில் பலர் அந்த மிருகத்தைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.