இடுப்புப் பிடிப்பும் ஒரு சுமைதாங்கிக் கல்லும்

நான் பொறக்கும்போது கால்தான் முதல்ல வெளிய வந்துச்சாம். எங்க பெரம்பலூர் பக்கம் இதுக்குன்னு ஒரு தனி மரியாதை உண்டு. யாருக்காவது இடுப்பு பிடிச்சுக்கிட்டா, கால் முன்னாடி பொறந்தவனைக் கூப்பிட்டு முதுகுல மூணு தடவை மிதிக்கச் சொல்லுவாங்க. ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போதே நான் எங்க தெருவோட ஆஸ்தான எலும்பு டாக்டர். ஃபீஸ் ஒரு முறுக்கு, சமயத்துல கடலை மிட்டாய். ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு, "தம்பி கால் பட்டதும் சரியாப் போச்சு"ன்னு வந்து சொல்லுவாங்க. அப்பாயிக்குப் பெருமை தாங்காது.

என்கிட்ட குணமாகாத ஒரே பேஷண்ட் எங்கப்பா.

அப்பா அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினவர். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடலா இருந்த பூமி அது. அந்தக் கடல் விட்டுட்டுப் போன கல்லைத்தான் சுரங்கத்துல வெட்டி சிமெண்ட் ஆலைக்கு ஏத்திக்கிட்டுப் போறாங்க. நாள் முழுக்க அந்த லாரி சீட்ல குலுங்குறதுதான் அவர் பொழப்பு. 2004ல ஒருநாள் டயர் மாத்தக் குனிஞ்சவரால நிமிர முடியல. டவுன்ல பார்த்த டாக்டர், "ஆறு வாரம் பலகைக் கட்டில்ல அசையாம படுக்கணும்"னு சொல்லிட்டார். அப்பா சொன்ன பேச்சு கேக்குற ஆளு. படுத்தார். மூணாவது வாரம் ஓனர் வண்டியை வேற டிரைவர்கிட்ட குடுத்துட்டார். அம்மா சின்ன வெங்காயம் பிடுங்கக் கூலிக்குப் போனாங்க. ஆறு வாரம் கழிச்சு எந்திரிச்சவருக்குக் கால்ல பலமே இல்லை. அதுக்கப்புறம் அவர் லாரி ஏறவே இல்லை.

போன வருஷம் எனக்கும் இடுப்பு பிடிச்சுது. பொட்டி தட்டுற பொழப்பு, வேற எப்படி இருக்கும்! எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ல எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு போட்டிருந்தான். என் கதையும் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஆனா டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஓரமா வச்சுட்டு, "படுக்காதீங்க. முடிஞ்ச வரைக்கும் நடங்க, வேலைக்குப் போங்க" என்றார். அஞ்சு வாரத்துல வலி போயிடுச்சு.

அப்பாவுக்குச் சொன்னதுக்கு நேர் எதிரா எனக்குச் சொல்லியிருக்காங்க. இதை எப்போ, யார் மாத்தினாங்க? தோண்ட ஆரம்பிச்சேன்.

எகிப்துல ஒரு பழைய மருத்துவச் சுருள் இருக்கு. 1862ல எட்வின் ஸ்மித் என்கிறவர் விலைக்கு வாங்கினது, சுமார் 3600 வருஷப் பழசு. அதுல மொத்தம் 48 நோயாளிகள். கடைசி ஆளுக்கு முதுகெலும்புல சுளுக்கு. காலை நீட்டி மடக்கச் சொல்லு, வலியில உடனே இழுத்துக்குவான், மல்லாக்கப் படுக்க வைன்னு சொல்லிட்டு, அடுத்த வரி முடியறதுக்குள்ள எழுத்து பாதியில நின்னு போச்சு. அடுத்து என்ன செய்யணும்னு தெரியாமலேயே உலகம் ரொம்ப நாள் படுத்தே இருந்துச்சுன்னு வேணா வச்சுக்கலாம் :-)

19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்தின் ஹ்யூ ஓவன் தாமஸ் போன்ற எலும்பு வைத்தியர்கள், விடாத நீண்ட ஓய்வுதான் மருந்துன்னு நம்பினாங்க. எலும்பு முறிவுக்கும் மூட்டுக் காசநோய்க்கும் சொன்னது, மெல்ல சாதாரண இடுப்பு வலிக்கும் வந்து ஒட்டிக்கிச்சு. 1934ல பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற ரெண்டு டாக்டர்கள், விலகின டிஸ்க் நரம்பை அழுத்தி வலி தரும்னு நிரூபிச்சாங்க. உண்மைதான். ஆனா அதுக்கப்புறம் எல்லா முதுகு வலிக்கும் டிஸ்க் மேலயே பழி விழுந்துச்சு.

அந்த நம்பிக்கையில ஓட்டை விழுந்த வருஷம் 1986. அமெரிக்காவுல ரிச்சர்ட் டேயோ குழு 203 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு 2 நாள் ஓய்வு, இன்னொரு பாதிக்கு 7 நாள் ஓய்வுன்னு சொல்லிப் பார்த்தாங்க. குணத்துல வித்தியாசமே இல்லை. 2 நாள் கோஷ்டிக்கு வேலை இழப்பு மட்டும் 45% குறைவு. 1994ல முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததுல 52% பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்துச்சு. 1995ல ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரை வச்சுப் பார்த்ததுல, படுத்தவங்களையும் பயிற்சி செஞ்சவங்களையும் விட, முடிஞ்ச அளவு வழக்கமான வேலையைப் பார்த்தவங்கதான் சீக்கிரம் தேறினாங்க.

1986. 1995. அப்பா படுத்தது 2004.

படுக்கையாலதான் அவர் பொழப்பு போச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஆறு வாரக் கணக்கு மட்டும் மனசுல முள்ளு மாதிரி நிக்குது. திடீர்னு வர்ற இடுப்பு வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள்ள நல்லாவே குறைஞ்சிடும். 12 வாரம் தாண்டினாத்தான் நாள்பட்ட வலின்னு பேரு. பத்துல ஒன்பது பேருக்கு இதுதான் காரணம்னு ஒரு எலும்பையோ டிஸ்க்கையோ கை காட்டவே முடியாது. போய்ட்டுத் திரும்ப வர்றதும் சகஜம். என் கால் ராசியோட ரகசியமும் இதுதான் மக்களே! நான் மிதிச்சாலும் மிதிக்காட்டியும் அவங்களுக்குச் சரியாகியிருக்கும். (ஆனா சிறுநீர் கழிக்க முடியலைன்னாலோ அடக்க முடியலைன்னாலோ, தொடையிடுக்கு மரத்துப் போனாலோ, கால் பலம் இழந்தாலோ, காய்ச்சலோட வலிச்சாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இதுல விளையாட்டு வேணாம்.)

சரி, நம்ம ஊர் முதுகைப் பத்தி யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களா? ஜெயங்கொண்டம் பக்கத்துல கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் அங்க வெட்டின சோழகங்கம் ஏரியை, நீரால் ஆன வெற்றித்தூண்னு திருவாலங்காட்டுச் செப்பேடு கொண்டாடுது. அதுக்கு மண் சுமந்தவன் பேரு எதுலயும் இல்லை. 1836ல கொள்ளிடத்துல கீழணை கட்டுறதுக்காக அந்தக் கோயில் சுற்றுமதில் கல்லைப் பேத்துக் கொண்டு போனாங்க. அதைச் சுமந்தவன் பேரும் இல்லை. சோழர் கல்வெட்டுகள்ல 'வெட்டி'ன்னு ஒரு சொல் வரும். கூலி இல்லாத கட்டாய உழைப்பு. நாம இன்னைக்கு 'வெட்டியா இருக்கேன்'னு சொல்றது இதுல இருந்துதான் வந்திருக்கும்னு எனக்குத் தோணும். அன்னைக்கு வெட்டின்னா முதுகு ஒடியுற வேலை.

அந்த முதுகுகளுக்குன்னு நம்ம ஊர்ல மிச்சம் இருக்கிறது சுமைதாங்கிக் கல். ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பாங்க. பிள்ளைத்தாச்சியா செத்துப்போன பொண்ணோட நினைவா, அவ இறக்கி வைக்க முடியாத சுமைக்குப் பதிலா வைப்பாங்க. உயரத்தைக் கவனிச்சிருக்கீங்களா? நின்னபடியே தலைச்சுமையை அதுல தள்ளலாம். திரும்ப ஏத்திக்க இன்னொரு ஆள் வேண்டாம். குனியவும் வேண்டாம்.

ஹெல்சின்கி கதையை போன்ல அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார்: "அந்த ஊர்ல லீவு போட்டா சம்பளம் உண்டா?"

"உண்டுப்பா. மாநகராட்சி வேலை."

"அப்படிச் சொல்லு."

இந்த ஒரு கேள்வியில அவர் மொத்த ஆய்வையும் தாண்டிட்டார். 'வழக்கமான வேலையைப் பார்'னு எனக்குச் சொல்லலாம். நடுவுல எந்திரிச்சு நடந்தா என்னை யாரும் கேக்கப் போறதில்லை. நாள் பூரா குலுங்குற சீட்டும், நாளைக்கே வேற ஆளைப் போடுற ஓனரும் இருக்கிறவர்கிட்ட அதைச் சொன்னா என்ன அர்த்தம்? அவருக்கு வேண்டியிருந்தது பலகைக் கட்டிலும் இல்லை, ஓயாத ஓட்டமும் இல்லை. கொஞ்ச நாள் சுமையை இறக்கி வச்சுட்டு, திரும்ப ஏத்திக்க ஒரு இடம். எங்க ஊர் ரோட்டோரம் யாரோ ஒரு குடும்பம் அதைக் கல்லுல செஞ்சு வச்சிருக்கு. அவரோட லாரி ரூட்லதான் அது இல்லாமப் போச்சு.

சரி, ரொம்ப நேரமா உக்காந்து படிச்சிருப்பீங்க. எந்திரிச்சு ஒரு நடை நடந்துட்டு வாங்க. உங்க ஊர்ல சுமைதாங்கி இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.