கால், அரை, முக்கால்: வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்ஸ்பி வந்த கதை

இன்னைக்கு ஒரு ஃபைலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க பெரியப்பா தமிழ் வாத்தியார். ரிட்டயர் ஆன கையோட, தன் ஊர்க் கதையை எழுதணும்னு எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னாடி வந்து உட்கார்ந்தார். அப்போ அதில் இருந்தது விண்டோஸ் 98. ஒரு விரலால் தட்டித் தட்டி, ரெண்டு வருஷத்தில் பதினோரு அத்தியாயம் முடிச்சிட்டார்.

2003-ல எனக்கு எக்ஸ்பி ஆசை வந்தது. அந்தப் பச்சைப் புல்வெளி, நீல வானம் வால்பேப்பருக்காகவே வந்த ஆசை, ஒத்துக்கிறேன். கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ற அண்ணன் சிடியோட வந்தார். "ஃபைல் எல்லாம் டி டிரைவ்ல இருக்குல்ல தம்பி? அப்போ சி-யை ஃபார்மேட் பண்ணிடலாம், கவலைப்படாதே"ன்னார். நானும் தலையாட்டினேன். சாயங்காலம் பெரியப்பா வந்து முதல் அத்தியாயத்தைத் திறந்தார். திரை முழுக்க கால், அரை, முக்கால் குறிகள். நடுநடுவே தலைகீழ் கேள்விக்குறி, தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள்.

"ஏம்ப்பா, நான் எழுதினது கணக்கு நோட்டு மாதிரி இருக்கே?"ன்னார். கோபமே இல்லை அவர் குரலில். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது.

ஃபைல் அழியவில்லை. ஒரு எழுத்துகூட மாறவில்லை. பிறகு என்னதான் நடந்தது? அதைச் சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதாவது மொத்தம் 256 இடம். முதல் 128-ஐ ஆங்கிலமும் அதன் குறிகளும் எடுத்துக்கொண்டன. மீதி இடங்களில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளும் சில குறிகளும் இருந்தன. விண்டோஸ் 98 தமிழை அறியாது. அதனால் நம்ம ஆட்கள் ஒரு தந்திரம் பண்ணாங்க. எண்ணை அப்படியே விட்டுட்டு, அந்த இடத்தில் வரைகிற படத்தை மட்டும் மாத்தினாங்க. முக்கால் குறி இருக்கும் இடத்தில் 'த' வரைந்த ஒரு ஃபான்ட். கம்ப்யூட்டர் அதை முக்கால் என்றே நினைத்துக்கொண்டிருக்கும், நம்ம கண்ணுக்குத் 'த' தெரியும்.

இந்த ஏற்பாட்டில் ஒழுங்கானது டிஸ்கி. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து விவாதித்தே உருவாக்கிய குறியீடு. அதில் ட, ண, த மூன்றும் வரிசையாகக் கால், அரை, முக்கால் குறிகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அடுத்து வரும் 'ந' தலைகீழ் கேள்விக்குறியின் இடத்தில். பெரியப்பா பயன்படுத்தியது டிஸ்கி ஃபான்ட். ஃபான்ட் இருந்ததோ சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளே. அண்ணன் ஃபார்மேட் பண்ணதில் அது போயிடுச்சு. 'த' மறுபடி முக்கால் ஆயிடுச்சு.

டிஸ்கியிலும் வேடிக்கை உண்டு. 'இ' எழுத்துக்குக் கொடுத்த இடம், வரியை உடைக்கப் பயன்படும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டின் இடம். சில மென்பொருள்கள் அதை மறைத்தே விடும். 'இன்று' என்று அடித்தால் 'ன்று' என்று வரும். பிற்பாடு 'இ'-க்கு வேறு இடம் கொடுத்தாங்க.

டிஸ்கி மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. 1999-ல சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. ஈழத்திலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பாமினி கொடிகட்டிப் பறந்தது. அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்த ஃபான்ட். ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன், இப்படி அடித்தால் 'தமிழ்' என்று தெரியும். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஜே, கே, பி, ஓ மட்டும் பல்லிளிக்கும். இது போதாதென்று பத்திரிகை இணையதளங்கள் தனித்தனி ஃபான்ட் வைத்திருந்தன. ஒரு தளத்துக் கட்டுரையை காப்பி பண்ணி நண்பனுக்கு அனுப்பினால், அவன் "என்னடா இது, ரஷ்ய மொழியா?"ன்னு கேட்பான்.

இத்தனைக்கும் விடை 1991-லேயே காகிதத்தில் இருந்தது. அந்த வருஷம் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. இந்திய அரசின் இஸ்கி குறியீட்டை அடிப்படையாக வைத்துப் போட்ட இடம் அது. 'த' என்றால் உலகம் முழுக்க ஒரே எண், அது வேறு எதற்கும் கிடையாது. ஆனால் எண் கொடுத்தால் மட்டும் போதாது. 'கொ' எழுதிப் பாருங்க. கையால் எழுதும்போது முதலில் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். டிஸ்கி அதே வரிசையில்தான் சேமிக்கும். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பின்னால். அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து க-வின் இரு பக்கமும் நிறுத்துவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. அந்த வேலையை விண்டோஸில் யூனிஸ்கிரைப் என்ற பகுதி செய்கிறது.

இதனால்தான் யூனிகோட் தமிழுக்கு வெறும் ஃபான்ட் போதவில்லை, புது ஆப்பரேட்டிங் சிஸ்டமே தேவைப்பட்டது. விண்டோஸில் அந்த வசதி முதலில் வந்தது 2000-ல, விண்டோஸ் 2000-த்தோடு. லதா என்ற தமிழ் ஃபான்ட் கூடவே வந்தது. ஆனால் அது ஆபீஸ்களுக்கான சிஸ்டம். வீடுகளில் 98-தான் ஓடிக்கிட்டிருந்தது. அதில் புது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போட்டால் யூனிகோட் பக்கங்களை ஒருமாதிரி படிக்கலாம், அவ்வளவுதான். 2001 அக்டோபர் 25-ல எக்ஸ்பி வெளியானபோதுதான் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஒரே அடித்தளம் வந்தது.

அதுக்கும் விலை இருந்தது. குறைந்தது 64 எம்பி ராம், 128 இருந்தால் நல்லது என்றார்கள். 32 எம்பியோடு 98 ஓட்டிய பல வீடுகளில் ராம் வாங்காமல் எக்ஸ்பி கிடையாது. விண்டோஸ் 95 வைத்திருந்தவங்களுக்கு நேரடி அப்கிரேடே இல்லை. ஆக்டிவேஷன் தொல்லை வேற. எங்க சிடியில் அந்தத் தொல்லை வரவில்லை. ஏன்னு கேட்காதீங்க.

சரி, எக்ஸ்பி போட்டாச்சு, தமிழ் வந்துடுச்சான்னா, இல்லை! கன்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான ஒரு பெட்டியில் டிக் போடணும். உடனே அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி அண்ணன்கிட்ட இருக்கும். அண்ணன் வேறொரு வீட்டில் வேறொருத்தர் சி டிரைவை ஃபார்மேட் பண்ணிக்கிட்டிருப்பார். தாய் மொழியில் எழுத ஒரு டிக் தேவைப்பட்டதே, இதை யாராவது ஆவணப்படமா எடுத்தா நான் முதல் ஆளா பார்ப்பேன்.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் எண்பதுகளிலேயே தொடங்கிய முரசு அஞ்சல் யூனிகோடுக்கு வந்தது. தமிழா குழுவின் எ-கலப்பை வந்தபிறகு, ஆங்கில விசையில் அடித்தே தமிழ் எழுத முடிந்தது. 2003-ல தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் சேர்த்த இலக்கியங்களை யூனிகோடுக்கு மாற்ற ஆரம்பித்தது. எல்லாருக்கும் இந்த மாற்றம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். 'க்' என்ற ஒரே எழுத்துக்கு ஏன் இரண்டு குறியீடு என்ற சண்டை பல வருஷம் நடந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றபோதுகூட, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்16-ஐயும் சேர்த்தே அறிவித்தது. ஆனால் அதற்குள் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் விஷயம் முடிஞ்சு போயிருந்தது.

பெரியப்பா கதைக்கு வர்றேன். ஒரு வாரம் தேடி டிஸ்கி ஃபான்ட் ஒன்றைக் கண்டுபிடிச்சுப் போட்டேன். முக்கால் எல்லாம் மறுபடி 'த' ஆச்சு. பின்னாடி சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் ஒவ்வொரு அத்தியாயமா ஒட்டி யூனிகோடாக்கினோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியா சரிபார்த்தார். ஒன்பது அத்தியாயம் வந்தது.

மீதி ரெண்டை அவர் பிரவுசிங் சென்டரில், அங்கே இருந்த ஏதோ ஒரு ஃபான்டில் அடித்திருந்தார். அது டிஸ்கியும் இல்லை, பாமினியும் இல்லை, டாப்பும் இல்லை. அந்தச் சென்டர் இப்போ மொபைல் கடை. பெரியப்பாவும் இல்லை. அந்த ரெண்டு ஃபைலும் அதே ஃபோல்டரில்தான் இருக்கு, லேப்டாப் மாத்தும்போதெல்லாம் காப்பி பண்ணிக்கிறேன். முதல் வரியில் ஒரே குறி ஆறு தடவை வருது. அது 'ம' ஆக இருக்கலாம்னு ஒரு சந்தேகம். அங்கிருந்துதான் ஒவ்வொரு எழுத்தா பிடிச்சுக்கிட்டிருக்கேன்.