தடுப்புப் பெப்டைடு

தடுப்புப் பெப்டைடு என்பது, ஒரு பிறபொருளெதிரியின் பிணைப்பிடத்தில் தானே சென்று அமர்ந்து, அப்பிறபொருளெதிரி மாதிரியில் உள்ள புரதங்களுடன் பிணையாதவாறு தடுக்கும் குறுகிய செயற்கைப் பெப்டைடு ஆகும். வெஸ்டர்ன் பிளாட், திசு நிறமேற்றல் போன்ற ஆய்வுகளில் தோன்றும் பட்டையோ நிறமோ உண்மையான பிணைப்பினால் வந்ததா எனச் சோதிக்க இது பயன்படுகிறது. இச்சோதனைக்கு முன்-உறிஞ்சல் சோதனை என்றும் பெயர் உண்டு. வெஸ்டர்ன் பிளாட்டில் சவ்வின் வெற்றிடங்களை மூடப் பயன்படும் பால்மாக் கரைசலும் தடுப்பான் என்றே வழங்கப்படுகிறது. அது வேறு, இது வேறு.

பின்னணி

பிறபொருளெதிரி ஒரு புரதம் முழுவதையும் பற்றுவதில்லை. எபிடோப் எனப்படும் சிறு பகுதியையே பற்றுகிறது. ஆகவே முழுப் புரதத்தையும் தூய்மைப்படுத்துவதற்குப் பதிலாக, அதன் 10 முதல் 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை மட்டும் செயற்கையாக உருவாக்கி, முயல் போன்ற விலங்குகளுக்குச் செலுத்திப் பிறபொருளெதிரி பெறலாம். இராபர்ட் புரூஸ் மெரிபீல்டு 1963 ஆம் ஆண்டில் வெளியிட்ட திண்மநிலைத் தொகுப்பு முறை இத்தகைய துண்டுகளை உருவாக்குவதை எளிதாக்கியது. இதற்காக அவருக்கு 1984 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிறிய பெப்டைடு தனித்து நின்று போதிய நோயெதிர்ப்பைத் தூண்டாது. எனவே அதன் ஒரு முனையில் சிஸ்டீனைச் சேர்த்து, அதன் வழியாக ஹீமோசயனின் என்னும் பெரிய புரதத்துடன் இணைப்பது வழக்கம். கீஹோல் லிம்பெட் என்னும் கடல்நத்தையின் குருதியிலிருந்து இப்புரதம் பெறப்படுகிறது. இவ்வாறு இணைக்கப்படாத அதே பெப்டைடே பின்னர் தடுப்புப் பெப்டைடாகப் பயன்படுகிறது.

செய்முறை

நீர்த்த பிறபொருளெதிரிக் கரைசல் இரு பங்காகப் பிரிக்கப்படுகிறது. ஒன்றில் பெப்டைடும், மற்றொன்றில் அதே கன அளவு தாங்கற் கரைசலும் சேர்க்கப்படும். அறை வெப்பநிலையில் அரை மணி நேரமோ, 4 பாகை செல்சியசில் ஓர் இரவோ வைத்திருந்தபின், ஒரே மாதிரியிலிருந்து எடுத்த இரு பட்டிகளின் மேல் இவை தனித்தனியே இடப்படுகின்றன. இரண்டையும் ஒரே நேர அளவில் படமெடுக்க வேண்டும். இல்லையேல் ஒப்பீட்டுக்குப் பொருளில்லை.

எடையில் ஐந்து மடங்கு பெப்டைடு சேர்ப்பது பரவலான வழக்கம். இது குறைவாகத் தோன்றினாலும் மூலக்கூற்று எண்ணிக்கையில் மிக அதிகமாகும். ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரியின் நிறை ஏறத்தாழ 1,50,000 டால்டன். 15 அமினோ அமிலப் பெப்டைடின் நிறையோ ஏறத்தாழ 1,650 டால்டன். எனவே ஒவ்வொரு பிறபொருளெதிரிக்கும் சுமார் 450 பெப்டைடு மூலக்கூறுகள் கிடைக்கின்றன. அதற்கு உள்ள பிணைப்பிடங்கள் இரண்டே.

முடிவைப் பொருள்கொள்ளுதல்

பெப்டைடு சேர்த்த பின்னும் ஒரு பட்டை மறையவில்லை எனில், அப்பட்டை பெப்டைடை அறியும் பிறபொருளெதிரியால் வந்ததன்று, அதை ஒதுக்கிவிடலாம். சீரத்தில் உள்ள பிற பிறபொருளெதிரிகளோ, இரண்டாம் நிலைப் பிறபொருளெதிரியோ காரணமாக இருக்கலாம்.

பட்டை மறைந்தால் அது தேடிய புரதமே என்று கொள்வது பிழையாகும், எனினும் பரவலாகக் காணப்படும் பிழை. ஒரே பிணைப்பிடத்தினால் வேறொரு புரதத்தைப் பற்றியிருந்தாலும், அவ்விடம் நிரம்பியவுடன் அந்தப் பட்டையும் மறைந்துவிடும். பெப்டைடைக் கொண்டே தூய்மைப்படுத்திய பிறபொருளெதிரியில் நிலைமை இன்னும் மோசம். அதில் எஞ்சியிருப்பவை பெப்டைடைப் பற்றுபவையே என்பதால், சரியான பட்டையும் தவறான பட்டையும் ஒருங்கே மறையும். கிளிபோர்டு சேப்பர், பால் சாசென்கோ ஆகியோர் 2003 இல் ஒப்பீட்டு நரம்பியல் ஆய்விதழில் எழுதிய தலையங்கத்தில் இச்சோதனையின் வரம்பை எடுத்துரைத்தனர்.

மறைதல் நிறுவாததை மரபணு நீக்கிய விலங்குகள் நிறுவுகின்றன. ஆஞ்சியோடென்சின் முதல் வகை ஏற்பிக்கென விற்கப்பட்ட ஆறு பிறபொருளெதிரிகளைச் சோதித்த ஆய்வொன்று 2012 இல் வெளியானது. ஏற்பியின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளிலும் இயல்பான சுண்டெலிகளிலும் பட்டைகள் ஒன்றுபோலவே இருந்தன. எதிர்பார்த்த 43 கிலோடால்டன் அருகே பட்டை தந்தவையும் இதற்கு விலக்கல்ல. இல்லாத புரதத்திற்குப் பட்டை தெரிந்தது என்பதே இதன் பொருள்.

பாஸ்பேட் ஏற்ற புரதங்களில்

பாஸ்பேட் சேர்ந்த வடிவத்தை மட்டும் அறியும் பிறபொருளெதிரிகளுக்கு இச்சோதனை நன்கு பொருந்துகிறது. ஒரே வரிசையுடைய இரு பெப்டைடுகள், ஒன்று பாஸ்பேட்டுடனும் மற்றொன்று அதின்றியும், தனித்தனியே சேர்க்கப்படுகின்றன. முதலாவது மட்டுமே பட்டையை மறைத்தால், பிணைப்புக்குப் பாஸ்பேட் தேவை என்பது உறுதியாகும். ஆயினும் எந்தப் புரதத்தின் பாஸ்பேட் என்னும் கேள்வி இங்கும் எஞ்சும்.

வரம்புகள்

முழுப் புரதத்திற்கு எதிராக உருவான பிறபொருளெதிரிகள் பலவேளை மடிந்த புரதத்தின் வடிவத்தையே அறிகின்றன. வரிசையில் தொலைவிலுள்ள அமினோ அமிலங்கள் மடிப்பினால் அருகருகே வந்து அமையும் அவ்வடிவத்தைக் குறுகிய பெப்டைடு தர இயலாது. இங்குத் தடுப்பு நிகழாமை பிறபொருளெதிரியின் குறையன்று.

பன்னாட்டுப் பணிக்குழு ஒன்று 2016 ஆம் ஆண்டில் பிறபொருளெதிரிகளைச் சரிபார்க்க ஐந்து வழிகளை முன்மொழிந்தது. மரபணுவை நீக்குதல் அல்லது அடக்குதல், பிறபொருளெதிரி சாரா முறையுடன் ஒப்பிடுதல், வேறு எபிடோப்பை அறியும் இரண்டாவது பிறபொருளெதிரி, அடையாளம் இணைத்த புரதம், பற்றியெடுத்ததை நிறை நிறமாலையால் அறிதல் ஆகியன அவை. தடுப்புப் பெப்டைடு அவற்றுள் இடம்பெறவில்லை.