வொய்செக்: ஒரு கொலை, இரண்டு பிரதிகள்

ஏழை ஒருத்தன் கொலை செய்த பிறகுதான் அரசு உட்கார்ந்து அவன் வாழ்க்கைக் கதையைக் கேட்கிறது. 1821 ஜூன் 2 அன்று லைப்சிக் நகரில் யோஹன் கிறிஸ்டியான் வொய்செக், தன்னோடு உறவிலிருந்த யோஹன்னா வோஸ்ட் என்ற விதவையைக் குத்திக் கொன்றான். பொய்முடி செய்யும் தொழில் கற்றவன். சிப்பாயாக இருந்துவிட்டு வேலையின்றி அலைந்தவன். தனக்குக் குரல்கள் கேட்பதாகச் சொன்னான். அவனைச் சோதித்த மருத்துவர் கிளாருஸ் 1821லும் 1823லும் அறிக்கை கொடுத்தார். இரண்டிலும் முடிவு ஒன்றே: புத்தி தெளிவாக இருக்கிறது, செயலுக்கு அவனே பொறுப்பு. அவனுடைய ஒழுக்கக் கேட்டையும் அறிக்கை விரிவாகப் பேசியது. 1824 ஆகஸ்ட் 27இல் சந்தைத் திடலில், கூட்டம் பார்த்திருக்க, அவன் தலை வெட்டப்பட்டது.

இந்தப் பிரதியைத்தான் கியோர்க் ப்யூஷ்னர் 1836இல் நாடகமாகத் திருப்பி எழுத ஆரம்பித்தார். மருத்துவரின் மகன், மருத்துவம் படித்தவர். 1834இல் விவசாயிகளைக் கிளர்ந்தெழச் சொல்லித் துண்டறிக்கை எழுதி, பிறகு நாட்டைவிட்டு ஓடியவர். 1837 பிப்ரவரியில், 23 வயதில், ஜூரிச்சில் காய்ச்சலில் இறந்துபோனார். மிஞ்சியது தலைப்பில்லாத சில காட்சிகள்.

சோதிக்கிற மருத்துவரையே ப்யூஷ்னர் மேடையேற்றி நம்மைச் சோதிக்கச் சொல்கிறார். நாடகத்தில் வொய்செக்கும் மேரியும் மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறார்கள், கைக்குழந்தை வேறு. கேப்டன் அவனுக்கு ஒழுக்க போதனை செய்கிறார். மருத்துவர் வெறும் பட்டாணியைத் தின்னவைத்து அதற்குக் கூலி தருகிறார். அந்தக் காசு மேரி கைக்குப் போகிறது. குடும்பம் நடக்க அவன் உடம்பு தேய வேண்டும். உடம்பு தேயத்தேய மனம் பிசகுகிறது. கடைசியில் துப்பாக்கிக்குக் காசு பத்தாமல் கத்தி வாங்குகிறான். கிளாருஸின் ‘ஒழுக்கம்’ இங்கே செலவுக் கணக்காகிவிடுகிறது.

சரி, சமூகம்தான் கொலைகாரன் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாமா? நம்மில் பலர் அப்படித்தான் வாசிக்கிறோம். எனக்கு அது போதவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டில் புதுத் தோட்டை அழகுபார்க்கும் மேரியும் அவனளவு ஏழைதான். கேப்டன் மேலும் மருத்துவர் மேலும் ஓங்க முடியாத கை அவள் மேல் இறங்குகிறது. அதிகாரம் மேலிருந்து கீழே வரும்போது கடைசிப் படியில் ஒரு பெண் நிற்கிறாள். வறுமை அந்தக் கொலையை விளக்கும்; மன்னிக்காது.

வோஸ்டுக்கு அப்போது வயது 46. நிஜ வொய்செக்கின் குழந்தைக்குத் தாய் வேறொருத்தி. இரண்டு பெண்களும் கரைந்துதான் மேரி உருவானாள். அறிக்கை, நாடகம் இரண்டிலும் வோஸ்ட் பேசவில்லை.

1879இல் ஃபிரான்சோஸ் இந்தக் காட்சிகளைத் தொகுத்து வெளியிட்டபோது பெயரைத் தவறாகப் படித்து ‘வொட்செக்’ என்று அச்சிட்டார். நாடகம் 1913இல்தான் மியூனிக்கில் மேடையேறியது. 1925இல் அல்பன் பெர்க்கின் இசைநாடகம் அந்தத் தவறான பெயரையே உலகறியச் செய்தது. ஆணின் பெயரைப் பிற்பாடு பதிப்பாளர்கள் திருத்திவிட்டார்கள். திருத்துவதற்குக்கூடப் பிரதியில் வோஸ்டின் பெயர் இல்லை.